கிருமி பெருகும் விதம்: தொடங்கும் இடமும் முடியும் இடமும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் தங்கள் முன் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியது. எவ்வளவு சிறியதென்றால், ஒரு மயிரிழையின் பருமனுக்குள் அதைப்போல் முப்பது நாற்பதை வரிசையாய்ப் படுக்க வைக்கலாம். ஊரில் பேச எத்தனையோ சங்கதிகள் இருக்க, கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றி ஒருவன் ஒரு மணி நேரம் பேச வந்திருக்கிறானே என்று தங்களில் சிலர் நினைக்கக்கூடும். வீட்டில் ஒரு பிள்ளை டைபாயிடு ஜுரத்தில் படுத்துவிட்டால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சங்கதியைவிடப் பெரிய சங்கதி அந்த வீட்டாருக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆகையால் சற்றுப் பொறுமையாய்க் கேட்க வேண்டுகின்றேன். நான் சொல்லுவதில் எது விளங்கவில்லையோ அதைக் கடைசியில் தாராளமாய்க் கேட்கலாம். விளங்காததை விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டுப் போகவேண்டாம்.

கிருமிகளில் பல ஜாதி உண்டு. நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது ஈ. கோலி என்னும் பாக்டீரியா. 1885-ல் மியூனிச் நகரத்தில் தியோடர் எஷ்ஷெரிச் என்னும் குழந்தை வைத்தியர் குழந்தைகளின் மலத்தில் கண்டுபிடித்தது. அதனால் அருவருப்படைய வேண்டாம். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் குடலிலும் அது இருக்கிறது. பேசுகிற என் குடலிலும் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை நமக்கு யாதொரு கெடுதியும் செய்வதில்லை. உலகத்தில் மிக அதிகமாய் ஆராயப்பட்ட பிராணிகளில் அதுவும் ஒன்று என்பதனாலேயே அதை எடுத்துக்கொண்டேன்.

அதற்கு நல்ல ஆகாரமும், நம் உடம்பின் அளவு சூடும் கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். இது ஆய்வுக்கூடத்துக் கணக்கு; குடலில் அவ்வளவு வேகம் கிடையாது. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு ஒரே ஒரு கிருமி என்று வைத்துக்கொண்டால், விடியற்காலை ஐந்து மணிக்குள் 21 தடவை இரட்டிக்கும். அப்போது இருப்பவை 20 லட்சத்து 97 ஆயிரத்து 152. வட்டிக்கடைக்காரருடைய கூட்டுவட்டிகூட இவ்வளவு வேகமாய் ஏறாது.

ஒன்று இரண்டாவது என்றால், உருளைக்கிழங்கை நடுவில் வெட்டுவது போன்ற காரியமல்ல. அந்தக் கிருமியின் உள்ளே அது என்னென்ன செய்யவேண்டும், எந்தெந்தப் பொருளை எப்படி உண்டாக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு நீண்ட இழையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த இழைக்கு டி.என்.ஏ. என்று பெயர். பிரிந்துபோகும் இரண்டு கிருமிக்கும் தலைக்கு ஒரு முழு இழை வேண்டும். அரைகுறையாய்க் கொடுத்தால் இரண்டும் பிழைக்காது. ஆதலால் பிரிவதற்கு முன்னே அந்த இழை முழுவதையும் ஒரு பிரதி எடுத்தாக வேண்டும். அந்தப் பிரதி எடுக்கும் வேலை எங்கே தொடங்குகிறது, எப்போது தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் இழையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நூலேணியை எடுத்துக்கொண்டு முறுக்கினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கிறது என்று 1953-ல் வாட்ஸனும் கிரிக்கும் காட்டினார்கள். ஏணிக்கு இரண்டு கால்கள். நடுவில் படிகள். ஒவ்வொரு படியும் இரண்டு எழுத்துக்கள் எதிரெதிரே கைகோத்து ஆனது. மொத்தம் நாலே எழுத்துக்கள்தான்: ஏ, டி, ஜி, சி. ஏ-க்கு எதிரே டி-தான் வரும். ஜி-க்கு எதிரே சி-தான் வரும். ஈ. கோலியின் ஏணியில் சுமார் 46 லட்சத்து 39 ஆயிரம் படிகள் உண்டென்று 1997-ல் முழுதும் படித்து எழுதி வெளியிட்டுவிட்டார்கள். ஏணிக்கு நுனியும் அடியும் கிடையாது. இரண்டு முனையும் சேர்ந்து ஒரே வளையமாய் இருக்கிறது. நீட்டிப் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாது. கிருமியின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. அதாவது இரண்டு அங்குலத் தீப்பெட்டிக்குள் 125 அடி நூலைச் சுருட்டி வைத்தது போலாகும். சிக்கலில்லாமல் சுருட்டி வைத்திருந்தால் மாத்திரம் போதாது. அந்த நூலை உள்ளே வைத்துக்கொண்டே இன்னொரு நூல் திரிக்கவேண்டும். இரண்டையும் பிரித்து இரண்டு பெட்டியில் வைக்கவேண்டும்.

பிரதி எடுக்கும் முறை என்ன? ஏணியை நடுவில் பிளந்தால் இரண்டு கால்களும் பாதிப் படிகளோடு தனித்தனியே நிற்கும். ஏ நிற்கிற இடத்தில் டி-யையும், ஜி நிற்கிற இடத்தில் சி-யையும் கொண்டுவந்து சேர்த்தால் ஒவ்வொரு அரை ஏணியும் முழு ஏணியாகும். இது கேட்பதற்கு நியாயமாய் இருக்கிறது. ஆனால் நியாயமாய் இருப்பதெல்லாம் உண்மையாய்விடுமா? 1958-ல் மெஸல்ஸன், ஸ்டால் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கனமான ஒரு தினுசு நைட்ரஜனைக் கொடுத்துக் கிருமிகளை வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறை ஆனதும் எல்லா இழையும் கனத்துக்கும் லேசுக்கும் நடுத்தரமாய் நின்றன. இரண்டாம் தலைமுறையில் பாதி நடுத்தரம், பாதி லேசு. அதாவது பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய கால், ஒரு புதிய கால். சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

எங்கே தொடங்குகிறது?

இனி நம் கேள்விக்கு வருவோம். 46 லட்சம் படியுள்ள வளையத்தில் எந்தப் படியில் ஏணியைப் பிளப்பது? கண்ட இடத்தில் பிளக்கலாமா? 1963-ல் பாரிஸிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த ழாக்கோப், பிரென்னர், க்யூஸான் என்ற மூவர் ஒரு யோசனை வெளியிட்டார்கள். இழையில் குறிப்பிட்ட ஓர் இடம் இருக்கவேண்டும். அந்த இடத்தில் வந்து வேலையைத் தொடங்கி வைக்கும் பொருள் ஒன்றும் இருக்கவேண்டும். பூட்டும் சாவியும் போல என்றார்கள். அப்போது பூட்டையும் ஒருவரும் பார்த்ததில்லை, சாவியையும் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் அதை நம்புங்கள் என்று சொல்லவில்லை. இப்படியிருந்தால் இன்னின்ன சோதனையில் இன்னின்னபடி தெரியவேண்டும் என்று சொன்னார்கள். வெறும் வார்த்தைக்கும் விஞ்ஞான யோசனைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அதே 1963-ல் ஜான் கெய்ர்ன்ஸ் என்பவர் பிரதி எடுக்கப்படும் இழையைப் படமே பிடித்துவிட்டார். கதிர் வீசும் ஹைட்ரஜன் கலந்த டி எழுத்தைக் கிருமிக்கு உணவாகக் கொடுத்து, பிறகு கிருமியின் உறையை மெள்ளக் கரைத்து, இழையைச் சிதையாமல் பரப்பி, அதன்மேல் போட்டோ பூச்சை வைத்துச் சுமார் இரண்டு மாதம் இருட்டில் காத்திருந்தார். கதிர் பட்ட இடமெல்லாம் கரும்புள்ளி. புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் வளையம் தெரிந்தது. வளையத்தின் ஒரு பகுதி இரட்டையாய்ப் பிரிந்திருப்பதும் தெரிந்தது. பிரியும் இடம் கவைக்கொம்பு போல் இருந்தது. ஆகவே அதைக் கவை என்றே சொல்லுவோம். கெய்ர்ன்ஸ், ஒரே ஒரு கவைதான் வளையத்தை ஒரு பக்கமாய்ச் சுற்றி வருகிறது என்று கருதினார். பத்து வருஷத்துக்குள் அது சரியல்லவென்று ஏற்பட்டது. இரண்டு கவைகள் ஒரே இடத்தில் புறப்பட்டு ஒன்று வலமாகவும், ஒன்று இடமாகவும் போகின்றன. படம் பிடித்தவர் பெரியவர் என்பதற்காக அவருடைய கருத்தை ஒருவரும் விட்டுவைக்கவில்லை. கருத்து தவறென்பதற்காக அவர் பிடித்த படத்தையும் ஒருவரும் தள்ளிவிடவில்லை.

பூட்டும் சாவியும் பிறகு அகப்பட்டன. 30 டிகிரிச் சூட்டில் சாதாரணமாய்ப் பெருகி, 42 டிகிரியில் பெருக்கம் நின்றுபோகும் சில கிருமிகளைப் பொறுக்கி எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒரு ரகம் விசித்திரமாய் இருந்தது. சூட்டைக் கூட்டியதும் உடனே வேலை நிற்கவில்லை. ஏற்கெனவே தொடங்கின பிரதியை ஒழுங்காய் முடித்துவிட்டு, புதுப் பிரதியைத் தொடங்க மாத்திரம் முடியாமல் நின்றது. வண்டி ஓடுகிறது, கிளப்ப மாத்திரம் முடியவில்லை என்றால் பழுது சக்கரத்திலா இருக்கும்? கிளப்புகிற சாமானில்தான் இருக்கும். அந்தச் சாமான் ஒரு புரோட்டீன். அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் டி.என்.ஏ.-ஏ. பெயரில் குழப்பம் வராதிருக்க நான் அதைத் ‘தொடக்கி’ என்றே சொல்லுகிறேன்.

அது உட்காரும் இடம் சுமார் 245 படிகள் கொண்ட ஒரு சிறு பகுதி. 46 லட்சத்தில் 245! அதற்குள் ஒன்பது ஒன்பது எழுத்தாய்ச் சில வார்த்தைகள் இருக்கின்றன; தொடக்கி அந்த வார்த்தைகளைத் தடவிக் கண்டு அவற்றின்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாய்ப் பல தொடக்கிகள் சேர்ந்ததும் ஏணி அவற்றின்மேல் சுற்றி வளைகிறது. பக்கத்திலேயே ஏ-யும் டி-யும் மிகுந்த ஒரு பகுதி இருக்கிறது. ஜி-யும் சி-யும் மூன்று பிடியால் கைகோத்திருக்க, ஏ-யும் டி-யும் இரண்டு பிடியால்தான் கோத்திருக்கின்றன. இழுத்தால் எந்த இடம் முதலில் விடும்? தையல் தெரிந்த தாய்மார்களைக் கேட்டால் சொல்லுவார்கள், தையல் நெருக்கமில்லாத இடம்தான் முதலில் பிரியும் என்று. அவ்விதமே அந்த இடம் வாய்திறக்கிறது. திறந்த வாயில் இரண்டு மோதிரம் போன்ற புரோட்டீன்கள், காலுக்கு ஒன்றாய் மாட்டப்படுகின்றன. அவை ஏணியைப் பிரித்துக்கொண்டே எதிரெதிர்ப் பக்கம் புறப்படுகின்றன. பின்னாலேயே எழுத்துக் கோக்கும் யந்திரம் வந்து சேருகிறது.

இதெல்லாம் உயிருள்ள கிருமிக்குள் நடப்பது, அங்கே என்ன மாயம் நடக்கிறதோ யார் கண்டார்கள் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. 1981-ல் ஆர்தர் கோர்ன்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில், கிருமிகளை உடைத்தெடுத்த சாற்றில், அந்தத் தொடக்க இடம் அடங்கிய ஒரு சிறு வளையத்தைப் போட்டு, கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே பிரதி தொடங்கும்படி செய்தார்கள். அங்கே உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. பிறகு சாறும் வேண்டாமென்று, சுத்தம் செய்த புரோட்டீன்களை ஒவ்வொன்றாய்ச் சேர்த்தே அதைச் செய்து காட்டிவிட்டார்கள். எந்தச் சாமானை விட்டால் எந்த இடத்தில் வேலை நிற்கிறதென்றும் பார்த்தாய்விட்டது. உத்தரவு போடுகிறவர் எவரையும் அந்தக் குழாய்க்குள் சேர்க்கவில்லை.

ஒரு தடவை மாத்திரம்

தொடங்குவதைவிட அதிகக் கஷ்டமான காரியம், தொடங்கினதை மறுபடியும் உடனே தொடங்காமல் இருப்பது. தொடக்க இடம் பிரதியானதும் இரண்டு தொடக்க இடங்கள் ஆகிவிடுகின்றன. இரண்டிலும் தொடக்கி வந்து உட்கார்ந்தால் நாலு, நாலு எட்டு. கவைக்குப் பின்னால் கவை ஓடி, முன்னதன்மேல் பின்னது மோதி, இழை அறுந்து கிருமி சாகும். சோதனையில் அப்படிச் செய்தும் பார்த்திருக்கிறார்கள்.

இதற்குத் தடை பல உண்டு. இரண்டை மாத்திரம் சொல்லுகிறேன். தொடக்கி, ஏ.டி.பி. என்னும் சக்தி மிகுந்த பொருளைத் தாங்கியிருந்தால்தான் ஏணியைத் திறக்கும். பிரதி எடுக்கும் யந்திரம் ஓட ஆரம்பித்ததும், அந்த ஓட்டமே ஏ.டி.பி.யைச் செலவழித்துவிடும்படி செய்கிறது. எரிந்த தீக்குச்சியை எத்தனை முறை உரசினாலும் பற்றுமா? இது ஒன்று.

மற்றொன்று இன்னும் அழகானது. ஈ. கோலியின் இழையில் ஜி-ஏ-டி-சி என்று நாலு எழுத்து வரிசையாய் வருமிடமெல்லாம், அங்குள்ள ஏ-யின் மேல் ஒரு புரோட்டீன் சிறு ரசாயனப் பொட்டு வைத்துக்கொண்டே போகிறது. பிரதி எடுத்த உடனே பழைய காலில் பொட்டு இருக்கும், புதிய காலில் இராது. தொடக்க இடத்துக்குள் மாத்திரம் இந்த நாலெழுத்து 11 தடவை வருகிறது. அவ்விதம் ஒரு பக்கம் பொட்டும் மறுபக்கம் வெறுமையுமாய் இருக்கும் இடத்தின்மேல் செக்-ஏ என்னும் வேறொரு புரோட்டீன் வந்து படுத்துக்கொள்ளுகிறது. அது எழுந்திருக்கும் வரையில் தொடக்கிக்கு அங்கே இடமில்லை. ஒரு தலைமுறைக் காலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அப்படிக் கழிகிறது. அதற்குள் தீக்குச்சிகளும் எரிந்து தீர்ந்துவிடுகின்றன.

அப்படியானால் அடுத்தது எப்போது தொடங்கும்? கிருமி தின்று வளர வளரப் புதுத் தொடக்கிகள் சேருகின்றன. கிருமியின் பருமன், தொடக்க இடம் ஒன்றுக்கு இவ்வளவு என்ற ஓர் அளவுக்கு வரும்போது பிரதி தொடங்குகிறது என்று 1968-ல் டோனச்சி என்பவர் கணக்கிட்டுச் சொன்னார். அந்தப் பருமன் எவ்விதம் அளக்கப்படுகிறது என்பதைப் பற்றி இன்றும் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் வாதம் நடக்கிறது.

இங்கே கணக்குத் தெரிந்த தோழர் ஒருவர் என்னை மடக்கலாம். வளையம் முழுவதும் பிரதி எடுக்க 40 நிமிஷம் ஆகிறது. எடுத்து முடித்தபின் கிருமி இரண்டாய்ப் பிரிய இன்னும் 20 நிமிஷம். ஆக ஒரு மணி நேரம். அப்படியிருக்க, 20 நிமிஷத்துக்கு ஒருமுறை கிருமி எப்படி இரண்டாகும்? நல்ல கேள்வி! இதற்கு 1968-ல் கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் பதில் சொன்னார்கள். முதல் பிரதி முடிவதற்குக் காத்திராமல் அடுத்தது தொடங்கிவிடுகிறது என்பதே அந்தப் பதில். ஒரு வயலில் கதிர் முற்றுகிறபோதே குடியானவன் அடுத்த போகத்துக்கு நாற்று விட்டுவிடுகிறான் அல்லவா? அப்படி. இப்போது பிரிகிற கிருமியினுடைய பிரதி, அதன் பாட்டி பிறந்தபோது தொடங்கப்பட்டதாகும். ஆகவே வேகமாய் வளரும் கிருமிக்குள் ஒரே சமயத்தில் பல கவைகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு தொடக்க இடத்திலும் அளவு வந்தபோது ஒரு தடவைதான் தொடங்கும். அவசரம் வேறு, ஒழுங்கீனம் வேறு.

நடுவில் ஓடும் ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை. ஒவ்வொரு கவையும் விநாடிக்குச் சுமார் ஆயிரம் எழுத்துக் கோக்கிறது. அச்சுக்கூடத்தில் கம்பாஸிட்டர் வேலை செய்த தோழர்களுக்கு இதன் அருமை தெரியும். பிழையும் திருத்தியபின் நூறு கோடி எழுத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. இந்தப் பிழைக் கணக்கை மறக்கவேண்டாம், பின்னால் வேண்டும். ஏணியின் இரு கால்களும் எதிரெதிர்த் திசை உள்ளவை. யந்திரமோ ஒரு திசையில்தான் கோக்கும். ஆகையால் ஒரு காலில் தொடர்ச்சியாகவும், மற்றொன்றில் துண்டு துண்டாகவும் கோத்துப் பிறகு ஒட்டவேண்டியிருக்கிறது. அந்தத் துண்டுகளை 1960-களில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியத் தம்பதிகளான ரெய்ஜி ஒகஸாகியும் ட்சுனேகோ ஒகஸாகியும். ஹிரோஷிமாவில் பிறந்த ரெய்ஜி, சிறு வயதில் அங்கே அணுகுண்டின் கதிருக்கு ஆளானவர்; 1975-ல் ரத்தப் புற்றுநோயால் காலமானார். மனிதன் கண்டுபிடித்த ஒரு விஞ்ஞானம் அவரைக் கொன்றது. அவர் கண்டுபிடித்த விஞ்ஞானம் இன்றும் எல்லா வைத்தியப் பள்ளியிலும் பாடமாயிருக்கிறது.

முடியும் இடம்

ஒரே இடத்தில் புறப்பட்ட இரண்டு கவைகள் வட்டத்தின் எதிர்ப்புறத்தில் சந்திக்கவேண்டும். ஆனால் ஒன்று வழியில் தடைப்பட்டுத் தாமதித்தால் மற்றது நிற்காமல் தாண்டிப்போய்விடுமே, அதற்கென்ன செய்வது? ஈ. கோலியின் வளையத்தில் எதிர்ப்புறத்தைச் சுற்றிப் பத்து இடங்களில் ‘டெர்’ எனப்படும் சிறு வார்த்தைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 23 எழுத்து. அவற்றின்மேல் டஸ் என்னும் புரோட்டீன் உட்கார்ந்திருக்கிறது. இது சாதாரண வேலியல்ல. ஒரு பக்கத்திலிருந்து வந்தால் வழிவிடும். மறுபக்கத்திலிருந்து வந்தால் மறிக்கும். ஆற்றில் மீனுக்குப் பறி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் உள்ளே போகும், வெளியே வராது. வலமாய் வரும் கவை தன் பக்கத்து வாசல்களில் தாராளமாய் நுழைந்து, எதிர்ப்பக்கத்து வாசலில் தடைப்பட்டு நிற்கும். இடமாய் வருவதும் அவ்விதமே. முந்தி வந்தது பிந்தி வருவதற்காகப் பறிக்குள் காத்திருக்கிறது.

ஒரே புரோட்டீன் ஒரு பக்கம் நண்பனாகவும் மறுபக்கம் காவற்காரனாகவும் எப்படி இருக்கிறது? மறிக்கும் பக்கத்திலிருந்து கவை ஏணியைப் பிரித்துக்கொண்டு நெருங்கும்போது, அங்கிருக்கும் ஒரு சி எழுத்து தன் இணையை விட்டு வெளியே திரும்பி, டஸ்ஸில் உள்ள ஒரு குழியில் சரியாய்ப் போய் மாட்டிக்கொள்ளுகிறது. தாழ்ப்பாள் விழுந்ததுபோல. கதவைத் தள்ளுகிற தள்ளே தாழ்ப்பாளைப் போடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இது 2006-ல் தெளிவாயிற்று.

இதைக் கேட்டவுடனே, இவ்வளவு நுட்பமான ஏற்பாடு இல்லாவிட்டால் கிருமி ஒரு நிமிஷமும் பிழைக்காது என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் படிக்கிறபோது அப்படித்தான் தோன்றியது. ஆனால் டஸ்ஸை அடியோடு நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். கிருமி ஏறக்குறைய முன்போலவே பெருகிக்கொண்டிருந்தது! கவைகள் சந்தித்து முடிவதற்கு இந்தப் பறி உதவி செய்கிறதேயொழிய, அது இல்லாவிட்டால் உலகம் முழுகிவிடாது. அன்றியும், மண்ணில் வாழும் பேசில்லஸ் ஸப்டிலிஸ் என்னும் வேறொரு கிருமியில் இதே வேலையைச் செய்ய வேறொரு புரோட்டீன் இருக்கிறது. அதன் உருவத்துக்கும் டஸ்ஸின் உருவத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஒரே கைவேலையாயிருந்தால் ஒரே சாமானை இரண்டு இடத்திலும் வைத்திருக்கலாமே! இரண்டு வம்சமும் தனித்தனியே, கிடைத்ததை வைத்துக்கொண்டு ஒரே மாதிரி வழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கவைகள் சந்தித்தவுடனும் வேலை தீரவில்லை. முறுக்கிய ஏணியைப் பிரித்துச் செய்த இரண்டு வளையங்களும் சங்கிலிக் கண்ணிபோல் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கிடக்கும். டோபோ நான்கு என்ற புரோட்டீன் ஒரு வளையத்தை அறுத்து, அந்தச் சந்து வழியாய் மற்றதை வெளியே விட்டு, அறுத்த இடத்தை மறுபடி ஒட்டிவிடுகிறது. சில சமயங்களில், பத்தில் ஒரு தடவைக்குச் சற்று மேல், இரண்டு வளையமும் கோத்துக்கொள்வதற்குப் பதிலாய் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரே பெரிய வளையமாகிவிடுவதும் உண்டு. அதைச் சரியான இடத்தில் வெட்டி இரண்டாக்க, முடியும் பகுதியிலேயே 28 எழுத்துள்ள ஓர் இடம் இருக்கிறது. நடுவில் எழும்பும் சுவரில் இருக்கும் ஒரு பம்பு இழையை இருபுறமும் இழுத்து அந்த இடத்தைக் கத்திக்கு நேரே கொண்டுவந்து கொடுக்கிறது. பாகப்பிரிவினையில் கடைசி முழம் வரையில் அளந்து கொடுப்பதுபோல் இருக்கிறது.

நிற்க. இதையெல்லாம் தெரிந்துகொண்டு நமக்கென்ன லாபம் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன்.

முறுக்கிய கயிற்றின் இரண்டு புரிகளை ஒரு முனையில் பிடித்து இழுத்துப் பிரியுங்கள். முன்னால் உள்ள பகுதி இன்னும் இறுக முறுக்கிக்கொண்டு மேலே பிரியவிடாது. கவை ஓடும்போதும் இதே தொல்லை. கவைக்கு முன்னால் ஓடி இழையை அறுத்து, முறுக்கைத் தளர்த்தி, ஒட்டும் புரோட்டீன் ஒன்று உண்டு. அதற்கு கைரேஸ் என்று பெயர். 1976-ல் மார்ட்டின் கெல்லர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் கண்டார்கள். டோபோ நான்கு அதற்கு நெருங்கிய உறவு. இந்த இரண்டும் இழையை அறுத்துக் கையில் பிடித்திருக்கும் அந்த ஒரு கணத்தில், அவற்றைத் திரும்ப ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும் மருந்து இருந்தால் என்ன ஆகும்? கிருமியின் இழை அறுந்தது அறுந்தபடியே நிற்கும், கிருமி சாகும். நம் உடம்பிலும் இத்தகைய வேலை செய்யும் புரோட்டீன்கள் உண்டு என்றாலும் அவற்றின் உருவம் வேறு. மருந்தளவில் அவற்றை அது பிடிப்பதில்லை.

அந்த மருந்தே தாங்கள் கடையில் வாங்கும் சிப்ரோப்ளாக்ஸாஸின். அதன் பாட்டன் நாலிடிக்ஸிக் ஆசிட் என்பது. மலேரியாவுக்கான குளோரோகுயின் மருந்து செய்யும்போது கழிவாய் வந்த ஒரு பொருளை ஆராய்ந்ததில் 1962-ல் வெளிப்பட்டது. அப்போது கைரேஸ் என்று ஒன்று இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. மருந்து முன்னே வந்தது, காரணம் பின்னே வந்தது. 1980-களில் சிப்ரோப்ளாக்ஸாஸின் வந்தபோது டைபாயிடு ஜுரத்துக்கு அது பெரிய வரப்பிரசாதமாய் இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. முன்பு சொன்ன பிழைக் கணக்கை இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நூறு கோடி எழுத்துக்கு ஒன்றுக்கும் குறைவான பிழை. ஆனால் கிருமிக்கு எழுத்து 46 லட்சம், கிருமிகளோ கோடிக்கணக்கில். அத்தனை பிரதிகளில் எங்கேயோ ஒன்றில், கைரேஸைக் குறிக்கும் பகுதியில், குறிப்பாய் அந்தப் புரோட்டீனின் 83-ஆவது கண்ணியில் ஓர் எழுத்து மாறிவிட்டால், கைரேஸ் தன் வேலையைச் செய்யும், மருந்துக்கு மாத்திரம் பிடி கொடுக்காது. மருந்து வருவதற்கு முன்னாலேயே அப்படி ஒன்றிரண்டு அங்கே இருக்கக்கூடும். மருந்து மற்றவற்றைக் கொன்று அந்த ஒன்றிரண்டுக்கு வயலைக் காலி செய்து கொடுக்கிறது. பிறகு தொடக்கி, கவை, டஸ், டோபோ நான்கு எல்லாம் நான் சொன்ன ஒழுங்குப்படியே வேலை செய்து, அந்தப் பிழையையும் பிழையில்லாமல் பிரதி எடுத்துக் கொடுக்கின்றன. இந்தியாவில் இன்று நோயாளிகளிடமிருந்து எடுக்கப்படும் டைபாயிடு கிருமிகளில் பெரும்பாலானவை இந்த மருந்துக்குச் சரியாய் அடங்குவதில்லை. வைத்தியர்கள் வேறு மருந்துகளுக்குப் போகவேண்டியதாயிற்று.

கூட்டம் ஆரம்பிக்கும் முன் ஒரு தோழர் என்னிடம், “ஜலதோஷத்துக்கு நாலு மாத்திரை மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன?” என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறேன். ஜலதோஷத்தை உண்டாக்குவது பாக்டீரியா அல்ல, வைரஸ். அதற்குக் கைரேஸும் கிடையாது, டோபோ நான்கும் கிடையாது. ஆகவே அந்த மாத்திரைக்கு மூக்கில் பிடித்துக்கொள்ள ஒரு பொருளும் இல்லை. ஆனால் மாத்திரை மூக்கோடு நிற்பதில்லை, குடலுக்கும் போகிறது. அங்கே யாருக்கும் கெடுதி செய்யாமல் இருந்த ஈ. கோலிகள் சாகும். 83-ஆவது கண்ணி மாறினது ஏதாவது அவற்றில் இருந்தால் அது மாத்திரம் மிஞ்சும். ஜலதோஷமோ மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். குடலில் மிஞ்சினது அந்தப் பத்து நாளும் இரட்டித்துக்கொண்டிருக்கும்.